இரட்டைப் பிள்ளைகளுக்கு எந்தத் தள்ளுவண்டி? கோவை, பாலக்காடு பக்கத்துக்கு ஒரு மதிப்பீடு

இரட்டையருக்கு ஸ்ட்ரோலர் வாங்கும் யோசனை வந்ததுமே இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு லிஃப்ட்டுக்குப் போங்கள். கதவு முழுக்கத் திறந்திருக்கும்போது இடைவெளி எவ்வளவு, உள்ளே ஆழம் எவ்வளவு, இந்த இரண்டும் தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிடும். வழக்கமாக 6 பேர் லிஃப்ட்டில் கதவு 70 செ.மீ.; உள்ளே 110 அகலம், 100 ஆழம். 8 பேர் லிஃப்ட்டில் கதவு 80. உள்ளே 130 அகலம், 110 ஆழம். 13 பேர் ஏறும் பெரிய லிஃப்ட்டில் கதவு 90. கட்டடத்துக்குக் கட்டடம் கொஞ்சம் முன்பின் இருக்கும், அதனால்தான் டேப்.

இப்போது வண்டிக்கு வருவோம். இரண்டு சீட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் வகை 73-லிருந்து 80 செ.மீ. வரை அகலம். ஒன்றன்பின் ஒன்றாகச் சீட் உள்ள வகை ஒற்றை வண்டி அளவே அகலம்; ஆனால் நீளம் 110-லிருந்து 125 வரை போகும். கடையில் விற்பவர் இரண்டாவதைக் காட்டி, "எந்த வாசலிலும் நுழையும்" என்பார். வாசலில் நுழையும், உண்மைதான். 100 செ.மீ. ஆழமுள்ள லிஃப்ட்டில் 120 செ.மீ. வண்டி உள்ளே நின்றால் கதவு மூடாது. அதை அவர் சொல்ல மாட்டார்.

ஒன்றிலிருந்து மூன்று வயது வரையுள்ள இரட்டையரை வைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் குடியிருந்து, மாதம் ஒருமுறையாவது கேரள எல்லையிலுள்ள வாளையார் தாண்டிப் பாலக்காட்டுப் பக்கம் போய்வருகிற குடும்பம் என்று வைத்துக்கொண்டுதான் இந்த மதிப்பீடு. லிஃப்ட் கதவு 80-ஓ அதற்கு மேலோ இருந்தால் குடைபோல் மடங்கும், எடை குறைந்த பக்கவாட்டு வண்டி. 70 என்றால் இரண்டு ஒற்றை வண்டிகளும் அவற்றைச் சேர்க்கும் கனெக்டரும். முன்பின் வண்டியைக் கார் நிறுத்துமிடத்திலேயே பூட்டி வைக்க வசதியுள்ள தனி வீட்டுக்காரர்கள் மட்டும் யோசிக்கலாம். காரணங்கள் கீழே.

பக்கவாட்டு வண்டி

இதன் பெரிய பலம் எடைப் பங்கீடு. இரண்டு வயதில் ஆண் குழந்தையின் சராசரி எடை 12.2 கிலோ, பெண் குழந்தைக்கு 11.5 என்று உலக சுகாதார அமைப்பின் வளர்ச்சி அட்டவணை சொல்கிறது. இரட்டையர் பலர் அதற்குக் கொஞ்சம் கீழேதான் இருப்பார்கள். இரண்டு பேர், வண்டி, டயப்பர் பை எல்லாம் சேர்த்தால் தள்ளுகிற எடை 35 கிலோவைத் தாண்டிவிடும். பக்கவாட்டு வண்டியில் இந்த எடை முழுவதும் பின்அச்சுக்குப் பக்கத்தில் ஒரே வரிசையில் விழுகிறது. கைப்பிடியை அமுக்கினால் முன்சக்கரம் தூக்கும், நடைபாதைத் திட்டில் ஏற்றிவிடலாம். முன்பின் வண்டியில் ஒரு பிள்ளையின் எடை முன்னால் ஒரு முழத்துக்கு அப்பால் இருப்பதால் அதே வேலைக்கு இன்னும் நிறைய வலு வேண்டும். நம் ஊர் நடைபாதையில் ஐம்பது அடிக்கு ஒரு கேட் சரிவு, ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்குப் பக்கவாட்டு வண்டிதான் மேல்.

இதிலேயே இரண்டு ரகம். சின்னச் சக்கரம் வைத்துக் குடைபோல் மடங்குவது 10 கிலோவை ஒட்டி இருக்கும். பெரிய காற்றுச் சக்கரம் வைத்து மூன்று சக்கரத்தில் ஓடுவது 15 கிலோவுக்கு மேல். பெரிய சக்கர வண்டி பேவர் பிளாக்கின்மேல் வெண்ணெயாக ஓடும், மறுப்பதற்கில்லை. ஆனால் மடக்கினாலும் அது ஒரு சின்ன மேசை அளவு. வேகன்ஆர் டிக்கியில் வைத்தால் வேறு எதுவும் வைக்க முடியாது, சிஎன்ஜி சிலிண்டர் உள்ள கார் என்றால் வண்டியே போகாது. குடை வகை மடங்கியபின் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளத்தில் ஒரு கட்டு. ஹேட்ச்பேக் டிக்கியில் நேராக வைக்க முடியாது, குறுக்காகச் சாய்த்து வைக்க வேண்டும். டிக்கியின் லிட்டர் கணக்கு (வேகன்ஆர் 341, பலேனோ 318) இந்த விஷயத்தில் எதற்கும் உதவாது. சக்கர வளைவுகளுக்கு நடுவே அகலமும், மூலைக்கு மூலை நீளமும் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். இன்னும் நல்லது, காரையே கடை வாசலுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பது. ஆன்லைனில் வாங்கினால் அந்த வசதி இல்லை, திருப்பி அனுப்பும் நாள் கணக்கைப் பார்த்து வாங்குங்கள்.

8 பேர் லிஃப்ட்டில் இந்த வண்டியை ஏற்றுவதற்கு ஒரு முறை உண்டு. முன்னால் தள்ளிக்கொண்டு போனால் தள்ளுகிறவருக்கு நிற்க இடமிருக்காது. முதலில் நீங்கள் பின்னோக்கி உள்ளே போய், வண்டியைப் பின்னுக்கு இழுத்து, ஒரு பக்கச் சுவரோடு ஒட்ட வையுங்கள். 130-ல் வண்டி 76 போக 54 செ.மீ. மிஞ்சும், ஒருவர் பக்கவாட்டில் நிற்க அது போதும். பட்டன் பலகை இருக்கும் பக்கம் நீங்கள் நில்லுங்கள். பிள்ளை நின்றால் எல்லா மாடியும் அமுங்கும். முன்சக்கரம் லிஃப்ட்டுக்கும் தரைக்கும் இடையிலுள்ள பிளவில் சிக்குவதும் பின்னோக்கி இழுத்தால் குறையும், ஏனென்றால் திசை மாறாத பின்சக்கரங்கள் முதலில் கடக்கின்றன.

அந்தப் பிளவு விஷயம் வெளியேயும் வரும். குடை வகையில் சக்கர விட்டம் 15 செ.மீ. அளவுதான். மழைநீர் வடிகாலின் இரும்புக் கம்பி மூடியில், கம்பிகள் நீங்கள் போகும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தால், சக்கரம் உள்ளே இறங்கி வண்டி சடாரென்று நிற்கும். பிள்ளைகள் பெல்ட் போடாமல் இருந்தால் முன்னால் பாய்வார்கள். கம்பி மூடியைக் குறுக்காகக் கடக்க வேண்டும், அல்லது முன்சக்கரத்தைத் தூக்கிக் கடக்க வேண்டும். ஒவ்வொரு கேட் முன்னாலும் போட்டிருக்கும் ஸ்பீட் பிரேக்கரும் அப்படித்தான்.

மூன்று முன்கால் உள்ள வண்டிகளில் நடுக்கால் ஒரு தொல்லை. தரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் நடுச் சக்கரம் அந்தரத்தில் தொங்கும், தொங்கும் சக்கரம் படபடவென்று ஆடும், ஆட்டம் கைப்பிடி வரைக்கும் வரும். வண்டி கெட்டுவிட்டது என்று நினைத்துக் கஸ்டமர் கேருக்குப் போன் செய்ய வேண்டாம். கரடான இடத்தில் முன்சக்கரங்களின் சுழற்சியை லாக் போட்டுவிட்டால் அடங்கிவிடும். மாலுக்குள்ளோ அபார்ட்மென்ட் வளாகத்திலோ லாக்கை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திருப்பவே முடியாது.

சுழல் சக்கரம் இறுகிப்போவதற்கு நம் ஊரில் முக்கியக் காரணம் துரு இல்லை, நார். தலைமுடி, தையல் நூல், மல்லிகைச் சரத்தின் வாழைநார் எல்லாம் அச்சில் சுற்றிச் சுற்றிக் கயிறாகிவிடும். கோயில் வாசல், பூக்கடைத் தெரு போய்வந்தால் கட்டாயம் இருக்கும். வண்டியைக் கவிழ்த்துப் போட்டு, தையல் பிரிக்கும் ஊசியால் நாரை ஒரு இடத்தில் வெட்டி, ட்வீஸரால் உருவினால் வந்துவிடும். அப்புறம் சிலிக்கான் ஸ்ப்ரே ஒரு தடவை. தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விட்டால் ஒரு வாரம் நன்றாக ஓடும், பிறகு அந்த எண்ணெயில் மண் ஒட்டி முன்பைவிட மோசமாக இறுகும்.

காற்றுச் சக்கரம் உள்ள வண்டி வாங்கியவர்களுக்கு இரண்டு குறிப்பு. டியூப் பெரும்பாலும் 12 இஞ்சு சின்னப்பிள்ளை சைக்கிள் டியூப் அளவில்தான் இருக்கும், பஞ்சர் கடையில் கிடைக்கும். ஆனால் வால்வு வளைந்திருக்க வேண்டும், நேர் வால்வு வாங்கினால் ரிம்முக்குள் பம்ப் தலை நுழையாது. காற்று எவ்வளவு என்பது டயர் பக்கச்சுவரிலேயே பொறித்திருக்கும், அதைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் பங்க் பையன் கார் டயருக்கு அடிக்கிற வேகத்தில் அடித்தால் இந்தச் சின்ன டயர் கண் இமைக்கும் நேரத்தில் வெடிக்கும். சைக்கிள் கைப்பம்பே பாதுகாப்பு.

காற்றும் மழையும்

பாலக்காட்டுக் கணவாயின் வாயில் உட்கார்ந்திருக்கிற ஊர்களுக்கென்று தனியாக எழுத வேண்டிய பகுதி இது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வைத்த பகுதியில், சீட்டுக்கு மேலுள்ள இரண்டு நிழற்குடையும் விரித்த ஒரு வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்று உற்பத்தியாளர் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எட்டிமடை, மதுக்கரை, க.க. சாவடி பக்கம் மேற்கிலிருந்து அடிக்கிற காற்றில் குடை பாய்மரம் மாதிரி வேலை செய்யும். பிரேக் போடாமல் கையை எடுத்தால் வண்டி தானாக நகரும். நிறுத்தும்போது பிள்ளைகளின் முதுகுப் பக்கம் காற்றுக்கு வராமல், வண்டியைக் காற்றின் திசைக்குக் குறுக்கே நிறுத்தி, பிரேக் போட்டு, குடையைப் பாதி மடக்கிவிடுங்கள். ஆள் இல்லாத வெற்று வண்டி இன்னும் மோசம். 10 கிலோ வண்டியை அந்தக் காற்று அலுங்காமல் சாய்த்துவிடும். வெற்று வண்டியை மடக்கியே வைக்க வேண்டும். மணிக்கட்டில் மாட்டும் பட்டை வண்டியோடு வரவில்லை என்றால், ஒரு நைலான் பட்டையை வளையமாக்கிக் கைப்பிடியின் நடுவில் முடிந்துகொள்ளுங்கள்.

ரெயின் கவர் விஷயத்தில் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேவை வேறு. ஜூன், ஜூலையில் கோயம்புத்தூரில் சாரலும் காற்றும்தான், பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில். அதே ஜூன் மாதம் பாலக்காட்டில் ஊற்றும். காரிலிருந்து இறங்கி வீட்டுக்குள் போகும் தூரத்துக்குக் கவர் வேண்டும். ஆனால் பிளாஸ்டிக் கவரைப் போட்டபடி வெயிலிலோ, மழை விட்ட பிறகோ வைத்திருக்கக் கூடாது, உள்ளே வெப்பம் ஏறிக்கொண்டே போகும். பக்கத்தில் காற்றோட்டத் துளை இல்லாத கவரை வாங்கவே வேண்டாம். வெயிலுக்காகத் துண்டையோ துப்பட்டாவையோ குடைமேல் போர்த்தி மூடுவதும் அதே தவறுதான். நிழலாகத் தெரியும், உள்ளே காற்று நின்றுபோய்ப் பிள்ளை புழுங்கும்.

நனைந்த வண்டியை மடக்கி டிக்கியில் போட்டு இரண்டு நாள் மறந்தால் சீட் துணியில் பூசணம் பிடிக்கும். துணியைக் கழற்றி, மிதமான சோப்பில் கழுவி, வெயிலில் காயவைத்தால் போதும். தோள் பெல்ட்டுக்கு மட்டும் பிளீச்சிங் எதுவும் போடாதீர்கள், நார் வலுவிழந்துவிடும். பக்கிளுக்குள் பிஸ்கட் தூளும் ராகிக் கூழும் போய் அடைத்துக் கிளிக் சத்தம் வராமல் போகும். பக்கிளை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, காயவிடுங்கள். கிளிக் கேட்கவில்லை என்றால் மாட்டியதாகக் கணக்கில்லை.

இரண்டு ஒற்றை வண்டி, நடுவில் கனெக்டர்

பழைய கட்டடங்களில் இருப்பவர்களுக்கு இதுதான் வழி, வழியில்லாமல் எடுக்கும் முடிவாகவும் நினைக்க வேண்டியதில்லை. ஒரே மாதிரி இரண்டு வண்டி வாங்கி, மேலே, நடுவே, கீழே என மூன்று பிளாஸ்டிக் கிளாம்ப்களால் குழாயோடு குழாயைச் சேர்ப்பது. கிளாம்ப் செட் சில நூறு ரூபாய். அம்மா மட்டும் போகும்போது சேர்த்துத் தள்ளலாம். அமுச்சியும் அப்பிச்சியும் கூட வந்தால் பிரித்து ஆளுக்கொன்று. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மற்றதை மட்டும் கூட்டிக்கொண்டு போகலாம், காலி சீட்டைத் தள்ள வேண்டியதில்லை. ரயிலுக்கும் இதுவே பொருத்தம். கோவை ஜங்ஷனில் ஏறி ஒலவக்கோட்டில் இருக்கும் பாலக்காடு ஜங்ஷனில் இறங்குகிற பயணத்தில், எந்த இரட்டை வண்டியையும் விரித்தபடி பெட்டியில் ஏற்ற முடியாது. இரண்டு சின்னக் கட்டுகளை ஆளுக்கொன்றாகத் தோளில் மாட்டி ஏறுவது எவ்வளவோ மேல்.

குறைகளும் உண்டு. சேர்த்தபின் அகலம் ஒரு மீட்டரை நெருங்கும், அதனால் உண்மையான இரட்டை வண்டியைவிட இடம் அடைக்கும், 70 செ.மீ. லிஃப்ட் கதவில் பிரித்துத்தான் நுழைக்க வேண்டும். கைப்பிடி நான்கு தனித்தனியாக இருக்கும், ஒரு கையால் தள்ள முடியாது. உள்பக்கச் சுழல் சக்கரங்கள் திரும்பும்போது ஒன்றோடொன்று இடிக்கும். வாங்குமுன் சக்கரங்களைத் திருப்பிப் பார்த்து, குறைந்தது மூன்று விரல் இடைவெளி நிற்கும்படி கிளாம்ப் நீளத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழாய் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தால் கிளாம்ப் வழுக்கும். பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப்பை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி வாங்கி, குழாயின்மேல் சுற்றி, அதன்மேல் கிளாம்பை இறுக்கினால் அசையாது. இறுக்கம் ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் பார்க்க வேண்டிய விஷயம். மேடு பள்ளத்தில் இரண்டு வண்டியும் தனித்தனியாக ஆட, அந்த ஆட்டம் முழுவதையும் அந்தப் பிளாஸ்டிக்தான் தாங்குகிறது. சமதரைக்கு மட்டுமே இது. திட்டு ஏற வேண்டுமென்றால் பிரித்துத்தான் ஏற்ற வேண்டும்.

முன்பின் வண்டி பற்றிச் சுருக்கமாக: பின்சீட்டுப் பிள்ளைக்குத் தெரிவது முன்சீட்டின் முதுகுதான். ஒன்றரை வயதுக்கு மேல் அது பெரிய சண்டை. முன்சீட்டைச் சாய்த்தால் பின்னால் இருப்பவரின் மடியில் வரும், அதனால் இருவரும் ஒரே நேரத்தில் தூங்குவது நடக்காத காரியம். எடை கூடுதலான பிள்ளையைப் பின்சீட்டில் வைத்தால் திருப்புவதும் தூக்குவதும் கொஞ்சம் எளிது. ஒற்றைப் பிள்ளையை மட்டும் கூட்டிப்போனால் எந்தச் சீட் என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்துத்தான் வைக்க வேண்டும், மாடலுக்கு மாடல் மாறும். இதற்கு மேல் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பெல்ட் ஐந்து முனையா என்று பாருங்கள்: இரு தோள், இரு இடுப்பு, தொடை நடுவே ஒன்று. மூன்று முனை பெல்ட்டிலிருந்து ஒன்றரை வயதுப் பிள்ளை நழுவி எழுந்து நிற்கும். இரட்டையரில் ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும், வண்டி கவிழ அது போதும். தாங்கும் எடையும் முக்கியம். ஐரோப்பிய தரமான ஈஎன் 1888-ல் முதல் பகுதி 15 கிலோ வரையிலான பிள்ளைகளுக்கு, இரண்டாம் பகுதி 15-லிருந்து 22 கிலோ வரை. லேபிளில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மூன்று வயதில் பையனுக்குச் சராசரி எடை 14.3 கிலோ. அதாவது 15 கிலோ வண்டி சராசரிப் பிள்ளைக்கு மூன்று வயது வரை ஓடும், கொழுகொழு பிள்ளைக்கு அதற்கு முன்பே முடிந்துவிடும். "மொத்தம் 30 கிலோ" என்று மட்டும் எழுதியிருந்தால் ஒரு சீட்டுக்கு எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

பிரேக் மிதியைச் செருப்புக் காலோடு சோதித்துப் பாருங்கள். அமுக்கினால் பிரேக், கால் விரலால் மேலே தூக்கினால் விடுதலை என்று சில வண்டிகள். ஷூ போடுகிறவர்களுக்குச் செய்தது அது. ரப்பர் செருப்போடு தூக்கினால் பெருவிரல் நகம் பேசும். அமுக்கினால் பிரேக், மறுபடி அமுக்கினால் விடுதலை என்பது நமக்குச் சரி. இரண்டு பின்சக்கரத்துக்கும் ஒரே மிதி இருந்தால் இன்னும் நல்லது. தனித்தனி மிதி என்றால் அவசரத்தில் ஒன்றை மட்டும் போடுவோம், சாய்தளத்தில் வண்டி அந்தச் சக்கரத்தைச் சுற்றித் திரும்பிவிடும். சாய்தளம் 1:12 சரிவில் இருப்பதுதான் முறை, ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். பேஸ்மென்ட் பார்க்கிங் சரிவுகள் கார் ஏறுவதற்காகப் போட்டவை, அதைவிடச் செங்குத்து. 35 கிலோவை அதில் முன்னோக்கி இறக்காதீர்கள். நீங்கள் கீழ்ப்பக்கம் நின்று, வண்டியை உங்கள் பக்கம் வாங்கிக்கொண்டு, பின்னோக்கி இறங்குங்கள்.

கீல் பற்றி ஒரு விஷயம். குடைபோல் மடங்கும் தள்ளுவண்டியை 1965-ல் வடிவமைத்தவர் ஓவன் மக்லாரன், ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கர அமைப்பில் வேலை செய்த பொறியாளர். அந்த எளிய மடிப்புதான் இன்றுவரை எல்லாக் குடை வண்டியிலும். அதே மடிப்பின் கீலில் குழந்தைகளின் விரல் நுனி துண்டான 12 சம்பவங்கள் பதிவானதால் 2009 நவம்பரில் அமெரிக்காவில் மக்லாரன் நிறுவனம் சுமார் 10 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, கீலுக்கு உறை கொடுத்தது. இரட்டை வண்டியில் கீல்கள் இன்னும் கூடுதல், விரல்களும் இருபது. உறை இல்லாத கீல் உள்ள வண்டியை எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். விரிக்கும்போது பிள்ளைகள் வண்டியைத் தொடும் தூரத்தில் இருக்கக் கூடாது. இரண்டையும் காருக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டு வண்டியை விரித்து, முக்கிய லாக், துணை லாக் இரண்டும் விழுந்ததை அழுத்திப் பார்த்து, பிரேக் போட்டு, பிறகுதான் இறக்க வேண்டும். ஓடுகிற பிள்ளையை முதலில் கட்டுங்கள், நிற்கிற பிள்ளையை இரண்டாவது. இறக்கும்போது இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். விளம்பரத்தில் காட்டுகிற ஒற்றைக் கை மடிப்பு, நிழற்குடையை மடக்கி, கூடையைக் காலி செய்த பிறகுதான் நடக்கும். இரண்டு பிள்ளையையும் யாராவது பிடித்துக்கொண்டால்தான் அதுவும்.

கைப்பிடியில் பை மாட்டும் பழக்கத்தை விட முடியாது என்றால், குறைந்தபட்சம் பிள்ளையை இறக்கும் முன் பையை இறக்குங்கள். பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்திருக்கும்வரை ஆறு கிலோ பை சமநிலையில் நிற்கும். இரண்டு பேரும் இறங்கிய அடுத்த நொடி வண்டி மல்லாந்துவிடும். காய்கறியும் பால் பாக்கெட்டும் சீட்டுக்குக் கீழேயுள்ள கூடையில் போவதே சரி. அந்தக் கூடை பல பக்கவாட்டு வண்டிகளில் நடுவே ஒரு கம்பியால் இரண்டாகப் பிரிந்திருக்கும், ஒரு தர்பூசணிகூட நுழையாது. இதை யாரும் கடையில் கவனிப்பதில்லை.

எங்கே ஓடும்

ரேஸ் கோர்ஸ் நடைபாதை, சுமார் 2.5 கி.மீ. சுற்று, எந்த இரட்டை வண்டிக்கும் ஏற்ற இடம். காலை ஆறரைக்கு முன்னால் போனால் நடப்பவர்கள் கூட்டம், பக்கவாட்டு வண்டி வழியை அடைக்கிறது என்று முகம் சுளிப்பார்கள். மாலை நாலரை மணி தோது. உக்கடம் பெரியகுளக் கரையும் நன்றாக ஓடும், ஆனி ஆடியில் காற்று மட்டும் தொல்லை. ஆர்.எஸ். புரம் டி.பி. ரோட்டில் அகல நடைபாதை இருக்கிறது. பைக் ஏறாமல் இருக்க நட்ட தடுப்புத் தூண்கள் எங்கெங்கே குறுகலாக நிற்கின்றன என்று ஒருமுறை வெறும் கையோடு நடந்து பார்த்துக்கொள்ளுங்கள். காந்திபுரம், டவுன்ஹால், ஒப்பணக்காரத் தெருவுக்கு வண்டியே வேண்டாம். மால்களில் எஸ்கலேட்டரில் எக்காரணம் கொண்டும் ஏற்றாதீர்கள், லிஃப்ட்டுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

அந்தப் பக்கம், பாலக்காடு கோட்டை அகழியைச் சுற்றியுள்ள நடைபாதை அருமை. மலம்புழாவில் தோட்டம் வரை வண்டி, அணைமேல் ஏறப் படி, அங்கே இடுப்பில்தான். கல்பாத்தி அக்கிரகாரத் தெரு சமதரை. வீடுகள் திண்ணையும் படியுமாக இருப்பதால் வண்டி வாசலில் நிற்கும். ஐப்பசிக் கடைசியில் தேர் சமயத்தில் வண்டியை உள்ளே கொண்டுபோகவே வேண்டாம். குருவாயூரில் சோறூட்டப் போகிறவர்களும் வண்டியைக் காரில் விட்டுவிடலாம், கூட்ட வரிசையில் 76 செ.மீ. அகலத்துக்கு யாரும் இடம் விட மாட்டார்கள்.

விலை

குடை வகைப் பக்கவாட்டு வண்டி 10,000 ரூபாயை ஒட்டித் தொடங்குகிறது. பெரிய சக்கர வெளிநாட்டு வண்டிகள் 50,000 தாண்டும். அவ்வளவு கொடுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. இரண்டரை வயதுக்கு மேல் பிள்ளைகள் வண்டியில் உட்காருவதைவிட வண்டியைத் தள்ளத்தான் ஆசைப்படுவார்கள். ஒன்றரை வருட உபயோகத்துக்குச் செகண்ட் ஹேண்ட் தாராளமாகப் போதும். இரட்டை வண்டியை விற்கிற வீட்டில் அது இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் பேரமும் படியும்.

பழைய வண்டி வாங்கும்போது அதைக் காலியாக, சமதரையில், கையை எடுத்துவிட்டுப் பத்தடி ஓடவிட்டுப் பாருங்கள். அச்சில் நார் எதுவும் சுற்றாமலேயே ஒரு பக்கம் இழுத்தால் சட்டம் வளைந்திருக்கலாம், அதைத் திருத்த முடியாது. சக்கரத் தேய்மானம் பிரச்சினை இல்லை, உதிரிச் சக்கரம் கிடைக்கும் மாடலா என்று மட்டும் கேளுங்கள். கீலைச் சுற்றிப் பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று போன் டார்ச் அடித்துப் பாருங்கள். துணை லாக்கைப் போட்டுவிட்டுக் கைப்பிடியை முன்னால் வேகமாக அழுத்துங்கள். கொஞ்சமாவது மடங்க முயன்றால் திரும்பி வந்துவிடுங்கள். ஐந்து முனை பெல்ட்டும் இரண்டு சீட்டிலும் முழுசாக இருக்க வேண்டும், ஒரு தோள்பட்டை தொலைந்திருந்தால் அதற்கு மாற்றுக் கிடைப்பது குதிரைக்கொம்பு. ரெயின் கவர், முன்கம்பி, கையேடு மூன்றையும் பரணிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் பிறகு பணத்தை எண்ணுங்கள்.